வேலிக்கு இந்தப் பக்கம்

காலி பெயிண்ட் டப்பா கேட்டு வாங்கிவரப் போன டெய்லரக்கா, அடியில் விரிசல் விட்ட ஒரு குளியல் தொட்டியையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள். வண்டிக்காரர் பாதி வழியிலேயே முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார். குடியிருப்பு வாசலில் வண்டி நின்றதும் மாடிகளில் தலைகள் எட்டிப் பார்த்தன.

"என்னக்கா, குளிக்கறதுக்கா?" என்றது இரண்டாவது மாடிக் குரல் ஒன்று.

"ஆமா, உன்னைத்தான் குளிப்பாட்டலாம்னு. இறங்கி வந்து ஒரு கை பிடி. இதுல கீரை போட்டா உன் வீட்டுக்கும் சேத்துதான் வரும்."

நாலு பேர் இறங்கி வந்தார்கள். அதுவே அந்தக் கட்டடத்தில் அதிசயம். தண்ணீர் மோட்டார் எரிந்துபோனால்கூட அடுத்த வீட்டுக்காரன் பார்த்துக்கொள்வான் என்று கதவைச் சாத்திக்கொள்கிற ஜனங்கள், அந்த மாதம் மட்டும் கூப்பிட்ட குரலுக்கு வந்தார்கள். டெய்லரக்காவுக்கு அது பெருமையாக இருந்தது. தன் வாய்க்குத்தான் இந்த மரியாதை என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் வீடு தரைத்தளத்தில். பின்பக்க ஜன்னலை ஒட்டித் தையல் மெஷின். பள்ளிச் சீருடை, தலையணை உறை, ஜிப் போன பேன்ட், எது வந்தாலும் தைப்பாள். அந்த ஜன்னலுக்கு வெளியே பின்மனை, முனிசிபாலிட்டி இடம். மனை என்று பேர்தான். கட்டடம் கட்டியபோது மிச்சமான ஜல்லி, உடைந்த கக்கூஸ் பீங்கான், நான்கு மாடிகளிலிருந்தும் வருஷக்கணக்காக வீசிய பிளாஸ்டிக் பைகள், அதையெல்லாம் கட்டிப் பிடித்துக்கொண்டு வளர்ந்த முள். ஜன்னலைத் திறந்தால் கொசுவும் நாற்றமும் உள்ளே வரும் என்பதால் பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டுதான் தைப்பாள்.

மூன்றாவது மாடியில் தனியாக இருந்த டீச்சர் அங்கே ஒரு தோட்டம் போடலாம் என்று வந்த நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வீடு வீடாக ஏறி இறங்கினார். எல்லாரும் நல்ல யோசனை என்றார்கள், ஒருத்தரும் வரவில்லை. கடைசியில் டீச்சரே அலுத்துப்போய் பால்கனியில் நாலு தொட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்படியிருக்கத் திடீரென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை குடியிருப்புச் சங்க செக்ரட்டரி மாடிப்படி அடியில் எல்லாரையும் கூட்டினார். பாங்கிலிருந்து ஓய்வு பெற்றவர், எதையும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் மாதிரியே பேசுவார்.

"டீச்சரோட தோட்டத்தை ஆரம்பிச்சிடலாம். ஆனா இந்த மாசக் கடைசிக்குள்ள முடிக்கணும். முனிசிபாலிட்டி ஆபீஸ்ல இருந்து இடத்தைப் பாக்க வர்றாங்க. வரும்போது வேலி இருக்கணும், பாத்தி இருக்கணும், நாலு செடி நிமிர்ந்து நிக்கணும். காலியாக் கிடந்தா வேற எதுக்காவது எடுத்துக்குவாங்க."

வேற எதுக்கு என்று டெய்லரக்கா கேட்கவில்லை. டிரான்ஸ்பார்மர் வைப்பார்களாக இருக்கும், இல்லாவிட்டால் குப்பைத்தொட்டி என்று அவளாகவே முடிவு பண்ணிக்கொண்டாள். சாமான் சேர்க்கிற பொறுப்பை யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்றதும் முதலில் கை தூக்கியவளும் அவள்தான்.

அதற்கப்புறம் அவள் மெஷினில் உட்கார்ந்த நேரம் குறைவு. குப்பையை அள்ளி முள்ளை வெட்டி எரித்த சாம்பல் ஆறுவதற்குள் தெருத் தெருவாக அலைய ஆரம்பித்துவிட்டாள். டீக்கடையில் சக்கையை வாளியில் சேர்த்துவைக்கச் சொன்னாள். பேக்கரிக்காரரிடம் அடுப்புச் சாம்பல். முட்டைக் கடையில் உடைந்த ஓடு. பங்சர் கடையில் தேய்ந்த டயர். மீன் விற்கிற பெண்ணிடம் செதிலும் குடலும் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறி, கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறக்கிவிட, மிச்ச தூரத்தை வெயிலில் நடந்தே வந்தாள். கார் கழுவுகிறவரிடம் பழைய ஹோஸ் பைப் கேட்டபோது அவர், "ஓட்டையா இருக்கேம்மா" என்றார்.

"ஓட்டை இருந்தாத்தான் நல்லது. செடிக்குச் செடி தானாவே ஊத்தும்" என்று சொல்லிக் கையோடு சுருட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

நாற்றுக்கு நிழல்வலை வேண்டும் என்றார் டீச்சர். கட்டட வேலை நடக்கிற இடத்தில் கிழித்துப் போட்டிருந்த பச்சை வலைத் துண்டுகளைப் பொறுக்கி வந்து மெஷினில் ஒட்டுப்போட்டுத் தைத்தாள். துணி தைக்கிற ஊசிக்கு அது அடங்கவில்லை. ஊசி ஊசியாக உடைந்தது. ஒரு முனை தெறித்து அவள் புருவத்துக்கு மேலே கீறிவிட்டது. அப்போதும் நிறுத்தவில்லை. விதைப் பொட்டலங்களை ஊறுகாய் பாட்டிலில் போட்டு அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள், எலிக்குப் பயந்து.

எல்லாவற்றையும்விட அவளுக்கு ஆச்சரியம் அவள் வீட்டுக்காரர்தான்.

அவர் பொக்லைன் ஆபரேட்டர். கட்டடம் இடிப்பதும் பள்ளம் தோண்டுவதும் வேலை. வீட்டுக்கு வந்தால் பேச மாட்டார். கையில் கிரீஸ் போகக் கழுவுவார், சாப்பிடுவார், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பார். பல்பு மாற்றச் சொன்னால் ஒரு வாரம் ஆகும். அந்த மனிதர் இப்போது தினமும் சாயங்காலம் டிப்பர்காரரிடம் சொல்லி ஏதாவது ஒன்றை இறக்கிவிட்டார். உடையாத செங்கல், ஜன்னல் கம்பி, மூடியில்லாத தண்ணீர்த் தொட்டி. ஒரு நாள் ஒரு லோடு கருமண் வந்தது. யாரோ வருஷக்கணக்காகச் சாணமும் இலையும் போட்டுப் பக்குவம் பண்ணிய கொல்லை மண். கையில் எடுத்தால் புட்டு மாதிரி உதிர்ந்தது.

"எங்கேர்ந்துங்க இது?"

"ஒரு வீட்டுக்குப் பின்னாடி இருந்துச்சு. இடிச்சாச்சு, இனி அவங்களுக்கு எதுக்கு."

"பாவம், நல்லா வச்சிருந்திருக்காங்க."

அவர் மண்ணைக் காலால் பரப்பிவிட்டுக் கை கழுவப் போனார்.

வேலிக்கு மரம் வேண்டும் என்று வந்தபோது அவள் வேறு யாரிடமும் போகவில்லை. வாய்க்கால்கரையில் அவள் அண்ணன் இருந்தார். தச்சர். முன்னால் பட்டறை, பின்னால் வீடு, நடுவில் ஒரு சாக்குத் திரை. அப்பா அம்மா போனபிறகு அவளைத் தூக்கி வளர்த்ததும், தையல் படிக்க வைத்ததும், மெஷின் வாங்கிக் கொடுத்துக் கல்யாணம் பண்ணி அனுப்பியதும் அவர்தான். நாற்பது தாண்டியும் அவருக்கு அவள் பாப்பா.

"பாப்பா, மரம்னா என்ன மரம்? தேக்கா கேக்கற?" என்று காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டே சிரித்தார்.

"உளுத்தது எதுனா குடுண்ணா, போதும்."

"உளுத்தது குடுத்தா ஒரு மழைக்குச் சாயும். அப்புறம் எவன்டா வேலி போட்டான்னு கேப்பாங்க. உங்கண்ணன் பேரு கெட்டுப்போகும். நான் தரேன் விடு."

உள்ளேயிருந்து அண்ணி திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். பக்கத்து நர்சிங் ஹோமில் ஆயா வேலை. ராத்திரி டூட்டி முடித்து அப்போதுதான் படுத்திருந்தாள்.

"மரமும் குடுத்து, கூலியில்லாம குழியும் தோண்டிக் குடுத்துட்டு வருவாரு பாரு. எனக்கு ஒரு ஸ்டூல் செஞ்சு தாங்கன்னு எத்தனை வருஷமாக் கேக்கறேன்."

"நீ உக்காந்து நான் எங்க பாத்தேன், ஸ்டூல் செய்ய" என்றார் அண்ணன். அண்ணி சிரித்துக்கொண்டே திரையை இழுத்துவிட்டாள்.

அவள் சொன்னதுதான் நடந்தது. ஒரு கட்டில் ஆர்டருக்கு வைத்திருந்த சட்டங்களையும், பழைய கதவுகளிலிருந்து பிரித்தெடுத்த நிலைகளையும் அறுத்துக் கூர்சீவி, அடிப்பக்கம் தார் பூசி, வண்டி வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். அவரே நின்று கயிறு பிடித்துக் குழி தோண்டினார். காற்று அனலாக அடித்தது. கடப்பாரை ஜல்லியில் பட்டுப் பட்டுத் தெறித்தது. டெய்லரக்கா வேலிக்கால்களைப் பிடித்துக்கொள்ள, அவர் மண்ணைத் தள்ளி மிதித்து இறுக்கினார். ஒவ்வொரு காலையும் தோளால் முட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார்.

"மாடு வந்து முட்டினாக்கூட அசையக் கூடாது பாப்பா."

"இங்க ஏதுண்ணா மாடு?"

"மாடு இல்லன்னா மனுஷன். தோட்டம்னா நாலு பேர் உள்ள நுழையத்தான் பாப்பாங்க."

சாயங்காலம் ஆபரேட்டர் வேலை முடிந்து வந்தார். மச்சான் வேர்வையில் நனைந்து நிற்பதைப் பார்த்ததும் வாசலிலேயே தயங்கினார். டெய்லரக்கா இரண்டு பேருக்கும் டீ கொண்டுவந்தாள். அண்ணன் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து ஊதிக் குடித்தார்.

"மாப்ள, வாய்க்காலை ஒட்டி ரோடு அகலப்படுத்தப் போறாங்கன்னு பேசிக்கறாங்களே. எதிர் சாரி மட்டும்தான்னு ஒருத்தன் சொல்றான், எங்க சாரியும்னு ஒருத்தன் சொல்றான். உங்க காதுல ஏதாவது விழுந்துச்சா?"

ஆபரேட்டர் டம்ளரைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார்.

"நமக்கு யாரு சொல்றா மச்சான். போன்னா போவேன், இடின்னா இடிப்பேன்."

"அதுவும் சரிதான். உங்களைக் கேட்டு என்ன பிரயோஜனம்" என்று அண்ணன் எழுந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டார். "வெளிச்சம் இருக்கும்போதே இந்தப் பக்கத்தை முடிச்சிடலாம். வாங்க, கொஞ்சம் இந்தக் காலைப் பிடிங்க."

ஆபரேட்டர் வந்து பிடித்தார். தலையை நிமிர்த்தவே இல்லை.

மாதக் கடைசியில் ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். பின்மனையைப் பார்த்ததும் ஒருவர் இன்னொருவரின் முகத்தைப் பார்த்தார். சுற்றிலும் வேலி. உள்ளே செங்கல் கரை கட்டிய பாத்திகள், பெயிண்ட் டப்பாக்களில் தக்காளி நாற்று, குளியல் தொட்டியில் முளைத்துத் தலைகாட்டிய கீரை, பச்சை வலைக்கு அடியில் கத்திரியும் மிளகாயும். டீச்சர் எழுதிய பலகை. குழந்தைகளைக் குளிப்பாட்டிப் பாத்திகளுக்கு நடுவே நிறுத்தியிருந்தார்கள். ஆபீஸ்காரர்களில் பெரியவர், "ஏற்கெனவே உபயோகத்துல இருக்கு போலிருக்கே" என்றார். செக்ரட்டரி, "ரொம்ப நாளா சார்" என்றார். அவ்வளவுதான். டீயைக் குடித்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள்.

ஜீப் திரும்பியதும் எல்லாரும் கை தட்டினார்கள். யாரோ பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துச் சுற்றுக்கு விட்டார்கள். செக்ரட்டரி இத்தனை சந்தோஷமாக இருந்து டெய்லரக்கா பார்த்ததில்லை. அவளைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் சொன்னார்:

"நம்ம தோட்டத்துக்கு முதல் நன்றி யாருக்குன்னா உங்க வீட்டுக்காரருக்குத்தான். அவர் மட்டும் வந்து காதுல போடலைன்னா இந்நேரம் உங்க ஜன்னலுக்கு வெளிய வரிசையாத் தகரக் கொட்டகை நின்னிருக்கும்."

"என்ன கொட்டகை சார்?"

"உங்ககிட்ட சொல்லலையா? அடக்கமான மனுஷன்! வாய்க்கால்கரையில வீடு எடுக்கறாங்க இல்ல, அந்த ஜனங்களைக் கொண்டாந்து இங்கதான் வைக்கறதா இருந்தாங்க. இருநூறு பேர். நெனைச்சுப் பாருங்க, ஒரே மோட்டார், ஒரே சாக்கடை."

டெய்லரக்காவின் கையில் பாதி கடித்த பிஸ்கட் இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானைக்குள் முடிந்துகொண்டாள். சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். ஒருத்தர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. குளியல் தொட்டியைத் தூக்க ஓடி வந்த நாலு பேருக்கும் தெரிந்திருந்தது.

டீச்சர் பாத்தி ஓரமாகக் குனிந்து, பிடுங்கத் தேவையில்லாத எதையோ பிடுங்கிக்கொண்டிருந்தார். டெய்லரக்கா அவரிடம் போய் நின்றாள்.

"நீங்களும் தெரிஞ்சுதான் செஞ்சீங்களா டீச்சர்?"

டீச்சர் உடனே நிமிரவில்லை.

"எனக்குத் தோட்டம் வேணும்மா. எத்தனை வருஷமாக் கெஞ்சியிருப்பேன், ஒருத்தர் வந்தாங்களா? அந்த ஜனங்க வந்துடுவாங்கன்னதும் கட்டடமே இறங்கி வந்துச்சு. வந்த கையை வேணாம்னு சொல்ல எனக்கு மனசு வரல."

"எங்கண்ணன் அங்கதான் டீச்சர் இருக்காரு. இந்த வேலியைப் போட்டவரு."

டீச்சருக்கு அது தெரிந்திருக்கவில்லை. கையிலிருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னாலேயே வந்த செக்ரட்டரிதான் பேசினார்.

"அடடா. உங்க அண்ணன் ஒருத்தருக்குன்னா நாங்க என்ன வேணாலும் செய்வோம்மா. ஆனா அவரு ஒருத்தரா வரமாட்டாரே. அவரோட சேர்ந்து மத்தவங்களும் இல்ல வருவாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எதிர் சாரிதான் எடுப்பாங்கன்னு கேள்வி. கவலைப்படாதீங்க" என்றார்.

அன்று சாயங்காலம் ஆபரேட்டர் கை கழுவிக்கொண்டிருந்தபோது அவள் பின்னால் போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"நீங்கதான் போய்ச் சொன்னீங்களா?"

அவர் சோப்பை வைத்துவிட்டார். "சொன்னேன்."

"எங்கண்ணன் அங்க இருக்காருன்னு தெரியாதா?"

"அப்ப எதிர் சாரின்னுதான் எஞ்சினியர் பேசிக்கிட்டிருந்தாரு. அப்புறம் மாத்திட்டாங்க. இப்ப மச்சான் சாரிதான்."

அவள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"மாத்தினது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவளே போய் அதை மூடினாள்.

"அவரு குழி தோண்டிக்கிட்டு நின்னப்பவே தெரியும், இல்ல? உங்களைக் கேட்டாரு. உங்க எதிர்ல உக்காந்து டீ குடிச்சிக்கிட்டே கேட்டாரு."

"என்ன பண்ணச் சொல்ற? வேலி பாதியில நிக்குது. செக்ரட்டரிகிட்ட வாயைக் குடுத்தாச்சு. இப்பப் போய் வேணாம்னா என்னை என்னன்னு நெனைப்பாங்க?"

"அவங்க நெனைக்கறதுதான் பெருசாப் போச்சா? எதுக்குங்க போய்ச் சொன்னீங்க? அந்த ஜனங்க வந்தா உங்களுக்கு என்ன? உங்க சோத்துல கை வச்சாங்களா?"

ஆபரேட்டர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை காய்ந்த பிறகும் துடைத்தார்.

"வீட்டை இடிக்கும்போது எல்லாரும் மெஷினைப் பாப்பாங்கன்னு நெனைக்கறியா? மெஷினை ஒருத்தனும் பாக்கறதில்ல. என் மூஞ்சியைத்தான் பாக்கறாங்க. திட்டறவங்க திட்டிட்டுப் போயிடுவாங்க, அது பரவால்ல. போன மாசம் ஒரு பொம்பளை. ஒரு வார்த்தை பேசல. இடுப்புல கொழந்தையை வச்சுக்கிட்டு, கடைசிச் செவுரு விழற வரைக்கும் என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னா, மனப்பாடம் பண்ற மாதிரி. அந்த மண்ணு அவ வீட்டு மண்ணுதான். அந்த மாதிரி நான் வீடு இடிச்ச ஜனங்க வந்து இந்த ஜன்னலுக்கு வெளிய குடியிருந்தா நான் எந்த வழியா வேலைக்குப் போவேன், சொல்லு. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுத் திரும்பி வருவேன்?"

இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. வேறு ஒரு நாளாக இருந்தால் அவர் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டிருப்பாள்.

"அதுக்கு எங்கண்ணன் மூஞ்சியை வித்துட்டீங்க" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனாள். சோற்றைப் போட்டு வைத்தாள். "சாப்பாடு" என்றாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் அவரிடம் அவள் பேசியது பெரும்பாலும் அந்த ஒரு வார்த்தைதான்.

வாய்க்கால்கரையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் சாமான் கட்ட ஒத்தாசைக்குப் போனாள். பட்டறையில் பாதி முடிந்த கட்டில் ஒன்று கால் இல்லாமல் கிடந்தது. அண்ணன் உளிகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். மழை தூறியது. தகரக் கூரையில் அது பெரிய சத்தமாகக் கேட்டது.

"கல்குவாரிக்கு அந்தாண்ட இடம் குடுத்திருக்காங்க பாப்பா. முதல்ல உங்க வீட்டுப் பக்கம்தான்னு ஒரு பேச்சு அடிபட்டுச்சு. உங்க அண்ணிக்குத் தலைகால் புரியல. நாத்தனார் வீட்டுக்குப் பின்னாடியே வீடு, நர்சிங் ஹோமுக்கு நடந்தே வந்துடலாம்னு கணக்குப் போட்டா. அப்புறம் என்ன ஆச்சோ, அங்க இடம் இல்லன்னுட்டாங்க. அங்க எங்க அவ்ளோ இடம் இருக்கப்போவுதுன்னு எனக்கும் தோணுச்சு."

அவள் அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. அண்ணி பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. இன்றைக்கு வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"எங்க வீட்டுக்கு வந்துடுண்ணா. ரெண்டு பேருக்கும் சோறு போட மாட்டேனா?"

"சோறு போடுவ. பட்டறையை எங்க போடுவ? உன் மெஷின் மேலயா?" என்று அவள் தலையைத் தட்டினார். "போறோம், பாக்கறோம். எல்லாரும்தான் போறாங்க. நமக்கு மட்டுமா."

மச்சான் வீட்டை ஆபரேட்டர்தான் இடித்தார். வேறு ஆளை அனுப்பச் சொல்லிக் கேட்கவில்லையா என்று அவள் கேட்டதற்கு, "வேற ஆள்னா நிலையைக் கழட்டக்கூட நேரம் குடுக்க மாட்டான். நான் குடுத்தேன்" என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை. தட்டை எடுக்க வந்தவளிடம், யாரும் கேட்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"பாதியில நிறுத்தச் சொல்லி மச்சான் கையைக் காட்டினாரு. திட்டத்தான் வர்றாருன்னு இறங்கினேன். ஒரு சொம்புத் தண்ணியைக் குடுத்து, வெயில்ல காயறீங்களே மாப்ளன்னாரு."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. யார் வீட்டுக் கொல்லை மண்ணோ, தொட்டதெல்லாம் விளைந்தது. கத்திரிக்காய் காம்பு தாங்காமல் தொங்கியது, வெண்டை ஆள் உயரம் போனது. சாயங்காலமானால் மாடிக்காரர்கள் கீழே இறங்கி வந்து பாத்திகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினார்கள். முன்னெல்லாம் ஒருத்தருக்கொருத்தர் பேர்கூடத் தெரியாதவர்கள், இப்போது ஒரு வீட்டுக் குழந்தைக்கு ஜுரம் என்றால் இன்னொரு வீட்டில் கஞ்சி வைத்துக் கொண்டுபோனார்கள். அதைப் பார்க்கப் பார்க்க டெய்லரக்காவுக்கு வயிறு எரிந்தது. நல்லதாக ஒன்று நடப்பதைப் பார்த்து வயிறு எரிகிற பொம்பளையாகத் தன்னை ஆக்கிவிட்டார்களே என்று இன்னும் எரிந்தது.

டீச்சர் வாரா வாரம் அவளுடைய பங்கு காய்களைப் பையில் போட்டுக் கதவில் மாட்டிவிட்டுப் போவார். மணி அடிக்க மாட்டார். பை அப்படியே தொங்கும், தக்காளி அழுகி ஒழுகும், ஆபரேட்டர் எடுத்துப்போய்க் கொட்டுவார். அவள் மெஷினை ஜன்னலிலிருந்து இழுத்து உள்சுவர்ப் பக்கம் போட்டுக்கொண்டாள். இருட்டில் தைத்த தையல் கோணலாகப் போனது. சீருடைக்காரர்கள் வேறு டெய்லரைத் தேடிக்கொண்டார்கள்.

மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள் அவள் கல்குவாரிப் பக்கம் பஸ் ஏறினாள். வெறுங்கையோடு போகக் கூடாதென்று ரொட்டியும் முட்டையும் வாங்கிக்கொண்டாள். பஸ் கடைசியாக நின்ற இடத்திலிருந்தும் நடக்க வேண்டியிருந்தது. கல்தூள் மூடிய பூமி, காலை வைத்தால் வெள்ளையாகக் கிளம்பியது. வரிசை வரிசையாகத் தகரக் கொட்டகைகள். எந்த வரிசைக்கும் அடையாளம் இல்லை. விசாரித்து விசாரித்துப் போனாள்.

அண்ணன் வாசலில் உட்கார்ந்து பழப் பெட்டிக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தார். பட்டறைச் சாமான் எல்லாம் மூட்டையாக ஒரு மூலையில் கிடந்தது. விரித்துப் போட இடமில்லை. அண்ணிக்கு வேலை போய்விட்டது. ராத்திரி டூட்டிக்கு அங்கிருந்து பஸ் கிடையாது. ஆனாலும் அவளைப் பார்த்ததும் அண்ணனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பக்கத்துக் கொட்டகைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"சொன்னேன் இல்ல, இதுதான் என் தங்கச்சி. தனியாளா நின்னு ஒரு தோட்டத்தையே உண்டாக்கிட்டா. குப்பைமேடு! கண்ணால பாத்தா நம்ப மாட்டீங்க. ஏன் பாப்பா, மழையில வேலி சாயலையே?"

"சாயலண்ணா."

"சாயாது. இங்க ஒரு செடி வைக்கலாம்னா கையளவு மண் கிடையாது. அடுத்தவாட்டி வரும்போது ஒரு பையில கொஞ்சம் கொண்டாயேன், உங்க அண்ணிக்கு ஒரு மிளகாச்செடி வச்சுக் குடுக்கலாம்."

பக்கத்துக் கொட்டகைக்காரர் போகும்வரை காத்திருந்தாள். பிறகு சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. ஆபீஸ்காரர்கள் எதற்கு வந்தார்கள், கட்டடம் எதற்கு இறங்கி வந்தது, யார் போய்ச் சொன்னது, அவர் குழி தோண்டியபோது யாருக்கெல்லாம் தெரியும், எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னாள். "எனக்குத் தெரியாதுண்ணா. சத்தியமா அப்ப எனக்குத் தெரியாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அண்ணன் கையில் இருந்த ஆணியைப் பலகையில் வைத்து அடித்தார். அது வளைந்தது. பிடுங்கிவிட்டு இன்னொன்றை வைத்தார். அதற்கப்புறம் அடிக்கவில்லை. சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

அண்ணிதான் பேசினாள். கோபமாகக்கூடப் பேசவில்லை. முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டே பேசினாள்.

"எதுக்கு இதைச் சொன்ன?"

"மனசு தாங்கல அண்ணி. மறைச்சு வச்சுக்கிட்டு எப்படி உங்க மூஞ்சியில முழிப்பேன்?"

"இங்க வந்ததுலேர்ந்து இவரு சந்தோஷமாப் பேசற ஒரே விஷயம் அந்தத் தோட்டம்தான். தங்கச்சி தோட்டம், நான் போட்ட வேலி. கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப்போச்சு. இனிமே அதுவும் இல்ல." கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். "உன் பாரத்தை இறக்கி வச்சிட்ட, நல்லாத் தூங்குவ. எங்களுக்குத்தான் அதை வைக்க இங்க இடமில்ல."

டெய்லரக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். யாரும் இரு என்று சொல்லவில்லை.

அவள் வரிசை முனையைத் தாண்டும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணன் வந்துகொண்டிருந்தார். பக்கத்தில் வரவில்லை, கொஞ்சம் பின்னாலேயே நடந்தார். பொழுது சாய்கிற நேரம், அந்தப் பக்கம் பெண்கள் தனியாகப் போகிற இடமில்லை. பஸ் நிற்கிற இடத்தில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். லாரிகள் போகும்போதெல்லாம் கல்தூள் எழும்பி இரண்டு பேர் மேலும் படிந்தது.

பஸ் வந்தது. அண்ணன் நடு ரோட்டுக்குப் போய்க் கையைக் காட்டி நிறுத்தினார். அவள் படியில் கால் வைத்ததும் அவர் வாயைத் திறந்தார்.

"இனிமே இவ்வளவு தூரம் வராத" என்றார்.

கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டான்.